மேட்டு மதகு

செங்கல் வண்டிகள் ஒற்றைப் பனையடியில் நின்று மாடுகளை அவிழ்த்தபோது சிவப்பிரகாசம் எதிர்ப்பக்கத்து வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பச்சை மிளகாயைக் கடித்தபடியே பார்த்தார். முதல் வண்டியை அங்கே இறக்கினார்கள். இரண்டாவதையும் அங்கேயே இறக்கினார்கள். மூன்றாவதில் சுண்ணாம்பு. கொத்தனார்கள் இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்து, சிவப்புத் துணி கட்டிய ஒரு முளையைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார்கள். கலயத்தை வரப்பிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"மேஸ்திரி, இன்னா கட்டப் போறீங்க இங்க?"

சாமிக்கண்ணு மேஸ்திரி அரியாங்குப்பத்து ஆள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டுத்தான் யாருக்கும் பதில் சொல்வார்.

"மதகு."

"மதகா? இந்த மேட்டுலயா?"

"சேப்புத் துணி கட்ன மொள எங்க இருக்குதோ அங்க மதகு. அதான் எனக்கு உத்தரவு. மேடு பள்ளம் பாக்கறது என் வேல இல்ல. அதுக்கு மூணு காலு வச்ச கண்ணாடி இருக்குது."

சிவப்பிரகாசம் முளையைப் பார்த்தார். துணியில் விழுந்திருந்தது கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. அது அவர் போட்ட முடிச்சு.

இரண்டு மாதத்துக்கு முன்னால், தை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற நாட்களில்தான் ரோடு அளக்க வந்தார்கள். வில்லியனூர் ரயிலடியிலிருந்து சங்கராபரணி ஆற்றங்கரை வரை இரண்டு மைல் ரோடு. ஆற்றங்கரையில் அதற்கு முந்தின வருஷமே புதுப்பேட்டை என்று ஒரு ஊர் எழும்பிவிட்டது. நெல் கிடங்கு, சந்தைக் கொட்டகை, ஓடு போட்ட வீட்டு வரிசை ஆறு. எல்லாம் இருந்தது, போக வழிதான் இல்லை. கோடையில் வண்டிகள் காணிகளின் மேலேயே போய்விடும்; மழைக்காலத்தில் சேறு அச்சு வரைக்கும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ரயிலில் வந்த சரக்கு ரயிலடியிலும், அதற்காகக் கட்டிய கிடங்கு ஆற்றங்கரையிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன. அதனால் தரையிலிருந்து இரண்டரை முழம் உயரத்துக்கு மண் கொட்டி, மேலே சரளை இடித்து, மோட்டார் ஓடுகிற ரோடு போடுவதென்று பிரெஞ்சுச் சர்க்கார் தீர்மானித்தது.

அளக்க வந்தவர் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர். அவருடைய கண்ணாடி தூரத்தை எட்டிப் பார்க்கிற கண்ணாடி அல்ல, மட்டம் பார்க்கிற கண்ணாடி. அதன் வயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி, குப்பிக்குள் சாராயம், சாராயத்துக்குள் ஒரு குமிழி. குமிழி நட்ட நடுவில் நின்றால் குழாய் துளியும் சாயாமல் இருக்கிறதென்று அர்த்தம். ("தொரைக்கு மட்டுமில்ல, தொரை கண்ணாடிக்கும் சாராயம் வேணும்போல" என்று கூலியாட்கள் சிரித்தார்கள்.) எதிரே ஓர் ஆள் எண் எழுதிய நீளக் கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து நிற்பான். குழாய்க்கு நேரே எந்த எண் தெரிகிறதோ அதை எழுதிக்கொள்வார்கள். நிலம் பள்ளமாக இருந்தால் கட்டையும் இறங்கி நிற்கும், எண் பெரிதாக வரும். மேடாக இருந்தால் சின்னதாக வரும். கண்ணுக்கு ஒரே சமதரையாகத் தெரிகிற வயல்வெளியில் ஒரு சாண் பள்ளம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று இப்படித்தான் கண்டுபிடிப்பது.

அந்த வட்டாரத்துக்கே தாழ்ந்த இடம் சிவப்பிரகாசத்தின் முக்கால் காணி. மேற்கே ஏரி நிரம்பி வழிகிற தண்ணீருக்கு வாய்க்கால் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அது பாய் விரித்ததுபோல் வயல் வயலாகப் பரவி, கடைசியில் அவர் காணியில் கூடி, அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். இது அவருக்குத் தெரியும். எந்த மடையை எத்தனை விரல் திறந்தால் எத்தனை நாழிகையில் வடியும் என்பதுகூடத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: இஞ்சினியர் ஏன் தன் காணியில் மட்டும் மூன்று தரம் கட்டையை நிறுத்திப் பார்த்தார், ஏன் தலையை ஆட்டிக்கொண்டார், ஏன் அங்கே மட்டும் சிவப்புத் துணி கட்டிய முளையை அடித்தார்.

ரோட்டின் இரண்டு ஓரத்துக்கும் வெள்ளை முளைகள். அதை எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். சிவப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் ரயிலடி ஓரத்தில் கிடங்குக்கென்று நிலம் எடுத்தபோது நான்கு மூலைக்கும் சிவப்புத் துணிதான் கட்டினார்கள். நிலம் போனவர்கள் இன்னும் சர்க்கார் கச்சேரிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சிவப்பிரகாசம் மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் உச்சி வேளையில், அளக்கிற ஆட்கள் சாப்பிடப் போன சமயம், தன் பண்ணையாள் பக்கிரியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த முளையைப் பிடுங்கினார். நாற்பத்திரண்டு எட்டு நடந்து கிழக்கே, ஒற்றைப் பனை நிற்கிற புறம்போக்கு மேட்டில், அதே ஆழத்துக்கு அடித்தார். அவிழ்ந்துபோன துணியை மறுபடி கட்டினார். பக்கிரி பழைய குழியில் ஈர மண்ணை அப்பி, மேலே தாளைப் பரப்பி, காலால் மிதித்துவிட்டான்.

"ஆண்டே," என்றான் பக்கிரி, கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே. "நம்ம பள்ளத்துலயே குறிபாத்து அடிச்சிருக்கானே. ஒருவேள தண்ணி கிண்ணி போறதுக்கா இருக்குமோ?"

"தண்ணிக்கு எவன்டா மொள அடிக்கிறான்? அதுக்குப் போற வழி தெரியாதா?"

பரம்பரையில் யாரும் பக்கத்துக் காணி வரப்பில் ஒரு மண்வெட்டி போட்டதில்லை என்று சொல்லிக்கொள்கிற குடும்பம். இது வரப்பு இல்லையே, வெறும் முளைதானே என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். சோறு போட்ட தையலம்மாள்கூட, "இன்னாங்க, இன்னிக்கு மொகம் தெளிஞ்சிருக்குது?" என்று கேட்டாள்.

இப்போது அந்த முளையைச் சுற்றிக் கோடு போடுகிறார்கள்.

"மேஸ்திரி, நான் சொல்றத கேளுங்க. தண்ணி அங்க வருது, அந்தக் காணில. இது அதுக்கு ஒன்ற மொழம் மேடு. இங்க மதகு வச்சா எப்படி ஏறும்?"

"ஏறாது," என்று சாமிக்கண்ணு உடனே ஒத்துக்கொண்டார். "எனக்கே தெரியுது. ஆனா நான் தள்ளி வச்சா என் கழுத்துல கத்தி. நீங்க வில்லியனூர் மேரிக்குப் போயி ஒரு காயிதம் வாங்கியாந்துடுங்க. நான் செங்கல்ல தூக்கினு அங்க வந்துடறன். எனக்கு இன்னா, எங்க கட்னாலும் அதே கூலி."

மேரி என்பது கொம்யூன் கச்சேரி, அதாவது ஊராட்சி ஆபீஸ். அங்கே போனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் முளையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். அந்த நாளை எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் வேலை நடக்கிற இடத்துக்கே போய் நின்றார். வளைவு கட்டுகிறதை அவர் பார்த்ததில்லை. முதலில் மரத்தில் அரைவட்டமாக ஒரு சாரம் நிறுத்தினார்கள். அதன் முதுகில் இரண்டு பக்கமிருந்தும் செங்கல்லை நட்டுக்கொண்டே மேலே வந்தார்கள். இரண்டு பக்கமும் உச்சியில் சந்திக்கிற இடத்தில் ஆப்புபோல் இழைத்த ஒரு கல்லைத் தட்டி இறக்கினார்கள். பிறகு சுண்ணாம்பு இறுகும்வரை காத்திருந்து கீழே இருந்த சாரத்தை உருவினார்கள். விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கிறது, பக்கத்துக் கல் விழவிடாமல் நெருக்குகிறது, அந்த நெருக்கத்திலேயே அத்தனையும் நிற்கிறது. ஆள் உள்ளே குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய மதகு. அவ்வளவு ஒழுங்கான வேலையை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

ஒன்பதாம் நாள் மேரிக்குப் போனார். எழுத்தர் பலராமன் மரியாதை தெரிந்தவர். பெஞ்சியில் உட்காரச் சொன்னார். இஞ்சினியர் துரை கப்பலேறி மாதம் ஒன்றாகிறது, புதுசாக வருகிறவர் எப்போது வருவார் என்று தெரியாது என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்த சிவப்பிரகாசம், சொல்லிவிட்டார். உச்சி வேளை, கடப்பாரை, நாற்பத்திரண்டு எட்டு, முடிச்சு எல்லாவற்றையும்.

பலராமன் கதவைப் பார்த்தார். பிறகு சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் மைக்கூடும் கல்லும் வைத்தார்.

"இங்க பாருங்க பெரியவரே. இது ரோடு. இது ஏரி. இந்த வளைஞ்ச கோடு இருக்குதே, இது மதகு. அத எங்க போட்டிருக்காரு? எல்லாத்துலயும் தாழ்ந்த எடத்துல. பாத்தீங்களா?"

"பாக்கறன். அங்கதான் இருக்கணும். ஆனா கட்டனது அங்க இல்ல."

"மொள பாத்து கட்னேன்னு மேஸ்திரி எழுதிக் குடுத்துட்டாரு. படத்தப்படி இருக்குதுன்னு ஓவர்சியரு கையெழுத்து. அதுக்கு மேல ஒரு வெள்ளைக்கார முசே கையெழுத்து. மூணு கையெழுத்துப்படி மதகு பள்ளத்துல இருக்குது."

"ஐயா, நீங்க வந்து ஒருதரம் கண்ணால பாத்தீங்கன்னா..."

"நான் பாத்து இன்னா செய்ய?" பலராமன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்றது நெசம்னா சர்க்கார் மொளைய புடுங்குனது குத்தம். பொய்யின்னா சர்க்கார் வேலைய பழிச்சது குத்தம். இதுல எத எழுதட்டும்? பேசாம வூட்டுக்குப் போங்க. மழ வரட்டும். தண்ணி தேங்குச்சுன்னா ஊரா சேந்து ஒரு மனு குடுங்க. மனுவுல மொள கதய மட்டும் எழுதாதீங்க."

வெளியே வந்தபோது சிவப்பிரகாசத்துக்குக் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஒருவன் தன் தப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஆவணியில் ரோடு முடிந்தது. மாவிலைத் தோரணம் கட்டி, பாண்டு வாசித்து, முதல் மோட்டார் பஸ்ஸை விட்டார்கள். ரயிலடியிலிருந்து புதுப்பேட்டைக்குக் கால் மணி. அங்கிருந்து திரும்பி வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு மணிக்கும் குறைவு. அவருடைய ஒரே மகள் அமுதம் புதுப்பேட்டையில்தான் வாழ்ந்தாள். மருமகனுக்குக் கிடங்கில் மூட்டை நிறுக்கிற வேலை. தலைப்பிள்ளையில் அவள் படாத பாடு பட்டு, குழந்தையும் தங்கவில்லை. இப்போது மறுபடி ஆறு மாதம். தையலம்மாள் அந்த ரோட்டை இரண்டு கையாலும் கும்பிட்டாள். "இந்தத் தடவ வலி எடுத்தா பஸ்ஸுல போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு பூடலாம். அந்த மகராசன் ரோட்ட போட்டானே." சிவப்பிரகாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி பத்தாம் தேதி மழை பிடித்தது. நாலாம் நாள் ஏரி வழிந்தது. தண்ணீர் வழக்கம்போல் வயல் வயலாகப் பரவி, வழக்கம்போல் அவர் காணிக்கு வந்தது. அங்கே ரோடு நின்றது. தண்ணீர் ரோட்டில் முட்டித் திரும்பி, தேங்கி, ஏற ஆரம்பித்தது. ஆறு நாள் ஏறி ஒன்றரை முழத்தைத் தொட்டதும் பனையடி மதகில் சலசலவென்று ஓட்டம் கண்டது. ஊரே ஓடிவந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது. மறுநாள் மழை விட்டதும் ஓட்டம் நின்றுபோயிற்று. மதகு கெட்டுவிட்டதா என்று உள்ளே குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் கெடவில்லை. மதகின் தளத்துக்கு மேலே ஏறின தண்ணீரை அது ஒழுங்காக அனுப்பிவிட்டது. தளத்துக்குக் கீழே இருப்பது அதனுடைய தண்ணீர் அல்ல. குடத்தின் கழுத்தில் ஓட்டை இருந்தால் கழுத்துவரை நிற்கத்தானே செய்யும்.

அப்படி நின்றது அறுபது காணித் தண்ணீர். நட்டு ஐந்து வாரம் ஆன சம்பாப் பயிர் தலை தெரியாமல் உள்ளே இருந்தது. களிமண் பூமி, தண்ணீரை உள்ளே இஞ்சுகிறதும் இல்லை. பயிர் ஒரு வாரம் மூச்சைப் பிடிக்கும். பிறகு தூரில் அழுகும். பள்ளத்தோரம் இருந்த பதினோரு குடிசைகளில் முழங்கால் அளவு நின்றது. பக்கிரியும் அவன் மகள் சின்னபொண்ணும் இருந்த குடிசை அதில் மூன்றாவது. மண்சுவர் கரைந்து இரண்டாம் நாள் உட்கார்ந்துவிட்டது.

ஊர் இஞ்சினியரைத் திட்டியது. "கண்ணாடி வச்சு பாத்தானே, கண்ணு வச்சு பாத்தானா?" என்றது. மதகு மேட்டில் இருக்கிறதென்று முன்கூட்டியே மேரிக்குப் போய்ச் சொன்னவர் சிவப்பிரகாசம் என்று அவரை மனுவில் முதல் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். பக்கிரி கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். அவர் நிமிர்ந்தபோது அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுப் பின்பக்கம் வந்தான்.

"ஆண்டே, ரெண்டு மண்வெட்டி இருந்தா போதும். நம்ம காணிக்கு நேரா ஒரு எட்டு அகலம் வெட்னா விடியறதுக்குள்ள வடிஞ்சிரும்."

"ரோட்ட வெட்னா ஜெயிலுடா."

"ஜெயிலுக்கு நான் போறன். அங்க தரை காஞ்சிருக்கும்ல." சிரிக்காமல் சொன்னான்.

சிவப்பிரகாசம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. தையலம்மாள் நேற்றே மகளுக்குத் துணையாகப் புதுப்பேட்டைக்குப் போய்விட்டாள். வெட்டின ரோட்டை மறுபடி கட்ட எத்தனை நாளாகும்? அதுவரை பஸ் இல்லை. இரண்டு பக்கமும் சேறு. எட்டாம் மாதம் முடியப் போகிறது.

"வேணாம் பக்கிரி," என்றார். "அமுதம் அந்தாண்ட இருக்குதுடா."

"எங்க சின்னபொண்ணு இந்தாண்ட இருக்குது ஆண்டே," என்றான் பக்கிரி. திரும்பிப் போய்விட்டான். அவன் வெட்டவும் இல்லை.

வெட்டாமல் என்ன செய்ய முடியும்? ரோட்டுக்கு மேலே தூக்கி ஊற்றத்தான் முடியும். இறைகூடைக்கு ஆளுக்கு இரண்டு கயிறு, எதிரெதிரே இரண்டு ஆள். குனிந்து மொண்டு, நிமிர்கிற வேகத்தில் வீசினால் கூடை இரண்டரை முழம் ஏறிக் கவிழும். ரோட்டின் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது, சரளை கரைந்துவிடும் என்று ரோட்டுக் காவல்காரன் சொல்லியிருந்தான். அதனால் நடுவைக் குடைந்த பனைமரத்தை ரோட்டின் குறுக்கே படுக்கவைத்து, இந்த ஓரத்தில் ஊற்றினால் அந்த ஓரத்தில் ஆற்றுப்பக்கம் விழும்படி செய்தார்கள். நாலு ஜோடி ஆட்கள் முறை மாற்றி இறைத்தார்கள். சிவப்பிரகாசம் காணியில் ஒரு கம்பை நட்டு விரலுக்கு ஒரு கோடு கீறிவைத்தார். விடிகாலை முதல் வெயில் சாயும்வரை இறைத்தால் ஒரு விரல் இறங்கும். நடுவில் ஒரு தூறல் போட்டால் அந்த விரலை ஏரி திருப்பிக் கொடுத்துவிடும். பயிர் வெளியே வர இன்னும் இருபது விரல் இறங்கவேண்டும். கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் இறைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். ஹார்ன் சத்தம் கேட்டால் இறைப்பை நிறுத்தி, நாலு பேர் பனைமரத்தைத் தோளில் தூக்கி ஓரத்தில் ஒதுங்க வேண்டும். போனபிறகு மறுபடி வைக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், வருகிற நேரமே இல்லாத நேரத்தில், புதுப்பேட்டைப் பக்கமிருந்து ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அடிக்காமல் ஒரே இழுப்பாக அடித்துக்கொண்டு வந்தது. சிவப்பிரகாசமும் பக்கிரியும் முன்பக்கம், வேறு இரண்டு பேர் பின்பக்கம். அவசரத்தில் தூக்கியதில் மரம் சாய்ந்து, உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் வந்த பக்கத்துக்கே திரும்பிக் கொட்டியது.

பஸ் அவரைத் தாண்டும்போதுதான் பார்த்தார். ஜன்னலோரம் தையலம்மாள். அவள் மடியில் ஒரு தலை. தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடந்தது.

"வலி வந்துட்டுதுங்க... நாளு ஆவறதுக்குள்ளயே..." என்றாள். மீதிச் சொல்லை இஞ்சின் விழுங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வந்தது. மகளுடையதா மனைவியுடையதா என்று தெரியவில்லை.

அவர் ஒரு எட்டு எடுத்துவைத்தார். தோளில் மரம் இழுத்தது. விட்டால் பக்கிரியின் கால்மேல்தான் விழும்.

"போங்க ஆண்டே, நான் தாங்கிக்கறன்," என்றான் பக்கிரி. அவனால் தாங்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பஸ் ரயிலடிப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. சரளை ரோடு நன்றாகத்தான் போட்டிருந்தார்கள், ஒரு குலுக்கல்கூட இல்லை.

மரத்தைத் திரும்ப வைத்தார்கள். பக்கிரி கூடைக் கயிற்றை எடுத்தான். சிவப்பிரகாசம் எதிர்க் கயிற்றைப் பிடித்துக் குனிந்தவர், அப்படியே தலையைத் திருப்பிக் கிழக்கே பார்த்தார். ஒற்றைப் பனையடியில் மதகு உலர்ந்து நின்றது. குடிசை போனவர்கள் அதற்குள்தான் தங்கியிருந்தார்கள். இரண்டு ஆடுகளை மதகின் வாயருகே கட்டியிருந்தார்கள். உள்ளே சின்னபொண்ணு மூன்று செங்கல் கூட்டி ஈர விறகை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் நுழைய வேண்டிய இந்தப் பக்கத்து வாய் வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது, வளைவின் உச்சிக் கல்லைத் தொட்டு, மெதுவாக, விடாமல்.